பழைய பெட்டி என்ன செய்யுது?

அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. எங்கள் காரியாலயத்தில் மட்டும் யாரும் அதைச் சொல்வதில்லை. "திங்கட்கிழமை வந்துட்டாரா?", "திங்கட்கிழமை போன் பண்ணினாரா?" என்றுதான் எங்களுக்குள் பேசிக்கொள்வோம். இத்தனைக்கும் அவர் வந்துபோனதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில். வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீசியன். ஞாயிறு அவருக்கு லீவு. காலை ரயிலில் ஹட்டனுக்கு வந்து இறங்குவார். மெலிந்த ஆள், நாற்பது வயதிருக்கும். கழுத்து தளர்ந்த ஸ்வெட்டர், ஒரு கையில் திருப்புளிகள் போட்ட பிஸ்கட் டின், மறு கையில் நாற்பது பக்கக் கொப்பி.

எங்கள் காரியாலயம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தது. தோட்டங்களில் பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள், அடையாள அட்டை இல்லாதவர்கள் எங்களிடம் வருவார்கள். விவரங்களைக் கேட்டு, விண்ணப்பங்களைத் தமிழில் அடித்து, சிங்களத்தில் நிரப்ப வேண்டியதை நிரப்பி அனுப்புவது எங்கள் வேலை. கொழும்புக்கு வேலைக்குப் போகிற ஒரு தோட்டத்துப் பையனிடம் யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் அட்டை இல்லையென்றால் அவன் எந்தச் சோதனைச் சாவடியில் இறக்கப்படுவான் என்று சொல்ல முடியாது. அதனால் வந்தவர்கள் உட்காரப் போட்டிருந்த நீள வாங்கில் எப்போதும் கூட்டம் இருக்கும். தோட்டத்துச் சனம் வேலையில்லாத நாளில்தான் வர முடியும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை திறந்துவைத்து, திங்கட்கிழமை மூடுவோம். அடிப்பது நான் ஒருத்தி. செயலாளராக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். அவரை எல்லாரும் மாஸ்டர் என்போம்.

எங்களிடம் ஒரு கணினி இருந்தது. கறுப்புத் திரை, சாம்பல் எழுத்து. ஒரு வருடம் எங்களோடு தங்கியிருந்த ஒரு தம்பி அதில் தமிழ் அடிப்பதற்குத் தானே ஒரு நிரல் எழுதித் தந்துவிட்டுக் கனடாவுக்குப் போயிருந்தான். தொண்ணூற்றெட்டில் வெளிநாட்டு அமைப்பு ஒன்று புதுக் கணினி வாங்கித் தர ஒப்புக்கொண்டது. கொழும்புக் கடைகள் மூன்றிலிருந்து விலைப் பட்டியல்கள் வந்தன. ஒரு தோட்டக் காரியாலயத்தில் செத்துப்போன கணினியை எழுப்பிக் கொடுத்தவர் என்று கேள்விப்பட்டு மாஸ்டர் இவரை வரச்சொன்னார்.

வந்தவர் முன்னால் மாஸ்டர் மூன்று பட்டியல்களையும் விரித்துவைத்தார்.

"பாருங்கோ தம்பி. இதிலை எது நல்லது?"

அவர் பட்டியலைப் பார்க்கவில்லை. மூலையிலிருந்த கணினியைப் பார்த்தார்.

"பழைய பெட்டி என்ன செய்யுதுங்க?"

"அது பழசு. ஒண்டும் செய்யாது."

"இன்னைக்குக் காலையில இருந்து ஒண்ணுமே செய்யலைங்களா?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். காலையிலிருந்து நான்கு விண்ணப்பம் அடித்திருப்பதாகச் சொன்னேன்.

"அப்ப செய்யுதுங்களே" என்று அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கொப்பியைத் திறந்தார். "சரிங்க. புதுசு வந்து எறங்கிருச்சுன்னு வைங்க. திங்கக்கிழமை காலையில மொதல்ல அதுல என்ன செய்வீங்க?"

"திங்கக்கிழமை எங்களுக்கு லீவுங்க" என்றேன்.

நான் சிரிக்கத்தான் அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எழுதியிருந்த 'திங்கள்' என்ற சொல்லை அடித்துவிட்டு, கவனமாக 'செவ்வாய்' என்று எழுதிக்கொண்டார். அன்றைக்கே பெயர் ஒட்டிக்கொண்டது.

அன்று முழுவதும் அவர் எந்தத் திருகாணியையும் தொடவில்லை. என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து நின்றால் வருமே, அந்த எரிச்சல். மத்தியானம் கொப்பியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். குண்டு குண்டான எழுத்து. 'பெயரை மூன்று இடத்தில் அடிக்கிறார். ஒரே பெயர்தான். ஏன்?' 'பிரின்ட் கொடுத்ததும் எழுந்து ஜன்னலுக்குப் போகிறார். ஏன்?' 'கார்பன் தாள் எதற்கு?'

படிவமே மூன்று இடத்தில் பெயர் கேட்கிறது, ஜன்னலுக்குப் போவது பிரின்டர் போடுகிற சத்தத்துக்கு, என்றேன். கார்பன் வைப்பது மூன்று பிரதி வேண்டும் என்பதற்கு. ஒன்று பதிவாளருக்கு, ஒன்று வந்தவர்கள் கையில், ஒன்று எங்கள் கோப்பில்.

அதன் பிறகுதான் மூன்று பட்டியல்களையும் எடுத்தார். மூன்றிலும் மை தெளிக்கிற புது மாதிரிப் பிரின்டர் இருந்தது. சத்தம் போடாது, எழுத்து அழகாக விழும் என்று மாஸ்டர் சொன்னார். அவர் பிஸ்கட் டின்னிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். ஏதோ தோட்டக் காரியாலயத்தில் அப்படிப்பட்ட பிரின்டரில் அடித்தது. அதை மேசையில் வைத்து, என் தண்ணீர்க் குவளையில் விரலை விட்டு இரண்டு சொட்டு விட்டார். எழுத்துக்கள் கரைந்து நீலமாக ஓடின. பிறகு எங்கள் பிரின்டரில் வந்த தாளில் விட்டார். தாள் சுருங்கியது, எழுத்து அப்படியே இருந்தது.

"வாங்கில இருக்குறவங்கள்ல எத்தன பேரு நனையாம வந்திருக்காங்க?" என்று கேட்டார். குற்றம் சொல்கிற குரலே இல்லை. உண்மையாகவே எண்ணிச் சொல்லும்படி கேட்டார். வெளியே மழை. மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஓம். நீங்கள் சொல்லுறது சரிதான்."

"கார்பன்லயும் இது அடிக்காதுங்க. ஊசி குத்துற பிரின்டர் மட்டும்தான் கீழ வரைக்கும் அழுத்தும்."

அந்த முறை நாங்கள் வாங்கியது கொழும்புக்காரர்கள் ஒருவரும் எழுதாத பட்டியல். பிரின்டர் பழசே. பெட்டி நடுத்தரம். ஹட்டனில் கரண்ட் போகிற போக்குக்கு பேட்டரி வைத்த மின்காப்புப் பெட்டி ஒன்று, நல்லதாக. இயங்குதளத்தில் அவர் மிகவும் தயங்கினார். எனக்கு விண்டோஸ் வேண்டும், எல்லாருடைய திரையிலும் படங்கள் இருந்தன. கனடாத் தம்பியின் நிரல் கறுப்புத் திரை டொஸ் இயங்குதளத்தில் மட்டும்தான் ஓடியது. அவர் இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துத் தந்தார். "வேலைக்கு அது, ஆசைக்கு இது" என்றார். ஆசையையும் அவர் ஒரு தேவையாகவே கொப்பியில் எழுதியிருந்ததை நான் பார்த்தேன்.

அதை இங்கே சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பலர் அவரைக் கஞ்சன் என்று நினைத்தார்கள். கீழே செருப்புக் கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருநாள் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் போடணும். எது நல்லம்?"

அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஹாஜியாருக்குப் பதில் தெரியவில்லை. ஆட்கள் காத்துநிற்கிறார்கள், கணினி வந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்றார். இவர் இரண்டு மணி நேரம் கடை மூலையில் உட்கார்ந்துவிட்டு எழுந்தார்.

"ஒங்களுக்குக் கம்ப்யூட்டர் வேணாம் முதலாளி. இன்னொரு ஏணி வேணும். வேலைக்கு மூணு பேரு இருக்காங்க, ஏணி ஒண்ணுதான் இருக்கு. அதுக்குத்தான் எல்லாரும் காத்துக்கிட்டு நிக்கிறாங்க."

ஹாஜியார் ஏணி வாங்கினார். இரண்டு மாதம் கழித்துக் கணினியும் வாங்கினார், வீட்டுக்கு, மகளுக்காக. இவர் என்ன சொல்வாரோ என்று நாங்கள் காத்திருந்தோம். அந்தப் பிள்ளையிடமும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். "கார் ஓட்டுற கேம் வெளையாடுவேன்" என்றிருக்கிறாள். உடனே எழுதிக்கொண்டு, பட்டியலில் இருந்ததிலேயே விலை கூடிய கிராபிக்ஸ் தட்டையும் நல்ல ஒலிபெருக்கிகளையும் போடச் சொல்லிவிட்டார். "அந்தப் புள்ளைக்கு என்ன வேணும்னு தெரிஞ்சிருக்கு. அதுக்கு மேல என்ன?" என்றார் என்னிடம்.

வட்டகொடையில் அவர் வீட்டுக்கு ஒருமுறை போயிருக்கிறேன். மனைவி தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, மூலையிலிருந்த குளிர்சாதனப் பெட்டியைக் காட்டினார்.

"இது வாங்க நாலு வருசம் கொப்பியில எழுதிக்கிட்டு இருந்தாருங்க மிஸ். இந்தக் குளிர்ல எதுக்குங்குறதுதான் கேள்வி."

"அப்புறம் எப்பிடி வாங்கினாரு?"

"இது வந்தா மொதத் திங்கக்கிழமை என்ன செய்வேன்னு என்னையக் கேட்டாரு. ஒங்களுக்குச் சோறு ஆக்காம நான் மட்டும் ஐஸ்கிரீம் செஞ்சு சாப்புடுவேன்னேன். அடுத்த மாசம் வந்திருச்சு."

அவர் குனிந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து மூன்றில் எங்கள் பெட்டி இழுக்கத் தொடங்கியது. அதே அமைப்பு இப்போது மூன்று கணினிகள் தர முன்வந்தது. மாத முடிவுக்குள் பட்டியலில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். மாஸ்டர் அவரைக் கூப்பிட்டார். அவர் வந்து, புதுக் கணினிகளில் வரப்போகும் விண்டோஸ் பதிப்பு என்னவென்று கேட்டார். பிறகு இரண்டு மாதம் தவணை கேட்டார்.

"ரெண்டு மாசமோ?" மாஸ்டரின் குரல் உயர்ந்தது. "தம்பி, அவங்கள் தாற நேரத்திலை வாங்காட்டில் இனிக் கிடையாது. நீங்கள் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பியள். எனக்கு வாங்கிலை சனம் நிக்குது."

"இந்தப் புதுசுல நம்ம தமிழ் புரோகிராம் ஓடாதுங்க. பதிவெல்லாம் எப்பிடி எடுக்குறதுன்னு மொதல்ல பாக்கணும்."

"கொம்பனிக்காரர் எல்லாத்தையும் சீடியிலை போட்டுத் தாறம் எண்டு சொல்லிப்போட்டினம்."

அவர் மாஸ்டரோடு வாதாடவில்லை. படியிறங்கும்போது என்னிடம் வந்தார். "மிஸ், புதுசு வந்தா வரட்டும். பழசக் குடுத்திராதீங்க. நான் வந்து பாக்குற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்."

சரி என்றேன்.

புதிய கணினிகள் ஒரு புதன்கிழமை வந்தன. மெல்லிய திரைகள். அவற்றைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க முடியாது. ஐந்து வருடத்துக்கும் மேலாக அந்தக் கறுப்புத் திரையின் முன்னால் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கி அடித்தவள் நான். வண்டியில் வந்த பையன்கள் பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வதாகவும், மேசையில் இடம் வேண்டும் என்றும் சொன்னார்கள். பதிவுகளைச் சீடியில் போட்டுத் தந்தார்கள். மாஸ்டர் என்னைக் கேட்டார். தொழிற்சாலைக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம், எண் என் மேசைக் கண்ணாடிக்குக் கீழேயே இருந்தது. "குடுத்திரலாம் மாஸ்டர்" என்றேன். வயர்களைச் சுற்றி, பெட்டியைத் தூக்கிக் கொடுத்ததும் நான்தான்.

மறுநாள் சீடியைத் திறந்தேன். திரை முழுவதும் கேள்விக்குறிகளும் சதுரங்களும், தலைகீழான ஆங்கில எழுத்துக்களும். பிறந்த திகதிகள் மட்டும் ஒழுங்காகத் தெரிந்தன. அத்தனை வருடப் பெயர்களில் ஒன்றுகூட இல்லை. நிரல் இருந்த டிஸ்க்குகளைத் தேடியெடுத்தோம். ஹட்டன் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தன. கனடாத் தம்பியின் விலாசம் யாரிடமும் இல்லை. கடைக்குப் போன் பண்ணினோம். உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துப் பெட்டியை விற்றாயிற்று என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். நான் எழுந்து நின்றுகொண்டே சொன்னேன். கொடுத்தது நான் என்றும், போன் பண்ணத் தோன்றியும் பண்ணவில்லை என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நம்பர் மட்டும் சரியாத் தெரியுதா?" என்றார். ஆம் என்றேன். "அப்ப நம்பருக்கு வேற முறை, எழுத்துக்கு வேற முறை வச்சிருக்காரு அந்தத் தம்பி" என்று ஸ்டூலை இழுத்துப்போட்டார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இல்லை. திறக்கச் சொல்லிக் கொடுத்த புதுப் பூட்டைக் கையில் வாங்கிய ஆளைப்போல இருந்தார். அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. ஒரு வார்த்தை கடிந்து சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கோப்பில் மூன்றாம் பிரதிகள் இருந்தன அல்லவா? பிறந்த திகதியை வைத்து ஒரு தாளையும் அதே ஆளின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். தாளில் 'மு' இருக்கிற இடத்தில் திரையில் என்ன கோணல் இருக்கிறது என்று நான் படிக்க, அவர் கொப்பியில் எழுதினார். பிறகு 'த்'. பிறகு 'து'. முத்தையா, முத்துலெட்சுமி, செல்லமுத்து என்று பெயர் பெயராகத் தேடி, எழுத்தெழுத்தாகப் பிடித்தோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நான்காவது ஞாயிறு, கோணல்களைத் தமிழாக்குகிற ஒரு சின்ன நிரலை அவர் எழுதிக்கொண்டு வந்து ஓட்டினார். முதல் பதிவு திரையில் வந்தது.

'நரகம்மர.'

இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்தது 'கரமரட்சி'. அடுத்தது 'மரரிமுத்து'. பின்னால் நின்ற மாஸ்டர்தான் முதலில் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார்.

"நாகம்மாவை நரகத்திலை கொண்டுபோய் விட்டிட்டியளே."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. "அந்தப் புரோகிராம்ல 'ர'வுக்கும் காலுக்கும் ஒரே கீ தாங்க. திரையிலயும் ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். தாள்லயும் அப்பிடித்தான்."

அவர் நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. பரிசு கிடைத்த முகம்.

"இத இத்தன வருசமா நீங்க சொல்லவே இல்லையே?"

"யாரும் கேக்கலையே அண்ணே."

"ஆமா" என்றார் மெதுவாக. "நான் கேட்டிருக்கணும். மொத நாளே கேட்டிருக்கணும்." கொப்பியில் அதை எழுதிக்கொண்டார்.

அந்தத் தைரியத்தில் நான் கேட்டுவிட்டேன். "பெட்டியக் குடுத்ததுக்கு ஏன் அண்ணே என்னைய ஒண்ணும் சொல்லல?"

"பேக்டரியில கொழுந்து உருட்டுற ரோலர் நின்னா, மொதல்ல அதுல நின்ன ஆளத்தான் கேக்கணும், எந்த சுவிச்ச மொதல்ல தட்டுனேன்னு. ஏசிட்டுக் கேட்டோம்னா, எந்த சுவிச்சையும் தொடவே இல்லைம்பான். அப்புறம் நான் முழு ரோலரையும் கழட்டணும்." திரும்பவும் திரையைப் பார்த்தார். "எனக்கு நீங்க எப்பிடி அடிச்சீங்கங்குறது வேணும் மிஸ். ஒங்களுக்கு மட்டும்தான் அது தெரியும்."

'கா'வா, 'கர'வா என்று கணினிக்குத் தெரியாது. அவர் சில விதிகள் போட்டார், நான் என் தலையிலிருந்த பெயர்களைச் சொன்னேன். நாகம்மா நரகத்திலிருந்து மீண்டாள். முடிவில் நான்கு தாள் நிறைய, எங்களால் தீர்மானிக்க முடியாத பெயர்கள் மிஞ்சின. நேரில் போய்க் கேட்பதைத் தவிர வழி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாஸ்டர் காரியாலயத்தைப் பார்த்துக்கொள்ள, நானும் அவரும் தோட்டம் தோட்டமாகப் போனோம். சில இடங்களுக்கு அவர் மனைவியும் வந்தார்.

அவருக்கு என்ன ஆனது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரத்து ஏழில் மாலைதீவில் ஒரு ஹோட்டலுக்கு மின் வேலைக்குப் போனார். போன புதிதில் இரண்டு முறை போன் பண்ணினார். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற இயந்திரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். பிறகு குடும்பமும் வட்டகொடையை விட்டுப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

அந்த நான்கு தாள்களில் ஒரு பெயர் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்தது. 'பரமாயி' அல்லது 'பாமாயி'. நுவரெலியாவில் பஸ் மாறி, இறங்கி, சரிவில் நடந்து, தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்த லயத்தைக் கண்டுபிடித்தோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கொழுந்துச் சாக்கைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"பேரு பரமாயிங்களா, பாமாயிங்களா?" என்று அவர் கேட்டார்.

"ரெண்டும் இல்லீங்க. பெருமாயி."

அவர் தாளைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"அட்டையில என்ன இருக்குங்க?"

"அட்டையில பரமாயின்னுதான் இருக்கு. எழுதிக் குடுத்தது இந்த மிஸ்தான்." என்னைப் பார்த்துச் சொன்னார். அதில் குறையே இல்லை, அறிமுகம் சொல்வதுபோல இருந்தது. "அன்னைக்கு அந்த மிசினு ஒரே சத்தம். மிஸ் ரெண்டு தடவ கேட்டாங்க. நானும் சொன்னேன்."

கணினி குழப்பிய பெயரைத் தேடி வந்தோம். இங்கே கணினி எதையும் குழப்பவில்லை. எல்லாம் சரியாக இருந்த காலத்தில், நல்ல பகல் வெளிச்சத்தில், நான் குழப்பியிருந்தேன்.

"அதனால ஒங்களுக்கு ஏதாச்சும் சிரமம் வந்துச்சாங்க?" என்று அவர் கேட்டார்.

"எனக்கு என்னங்க சிரமம். மகனுக்குத்தான். அவன் பொறப்பு சர்டிபிகேட்ல அம்மா பேரு பெருமாயி. என் அட்டையில பரமாயி. அவனுக்கு அட்ட போட எழுதுனது ரெண்டு தடவ திரும்பி வந்திருச்சு. கொழும்புல கடையில நிக்கிறான். வெளிய போக வேணாம், கடைக்குள்ளேயே இருன்னு சொல்லி வச்சிருக்கேன்."

நான் அந்த வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போயிருந்தார்.

"அட்டைக்கு எழுதின அன்னைக்கே பேரு தப்புன்னு ஒங்களுக்குத் தெரியலைங்களா?"

"எழுதுனத நான் எங்க பாத்தேன்? டிவி மாதிரி அந்தப் பொட்டி அவங்க பக்கம் திரும்பிருந்துச்சு. எனக்கு அதோட முதுகுதான் தெரிஞ்சுச்சு. பேப்பரு கையில வர்றப்ப சீல் அடிச்சாச்சு. படிச்சவங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்."

"நீங்க படிப்பீங்களா?"

"மூணாம் வகுப்பு வரைக்கும் போனேங்க. மெதுவாப் படிப்பேன். எம் பேரு தெரியும்."

அவர் கொப்பியைத் திறக்கவில்லை. அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காய்கிற சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் ஏறித் திரும்பினோம். அவர் கேள்வி கேட்காமல் வந்த ஒரே பயணம் அதுதான். ஹட்டனில் இறங்கியதும், "இத்தன வருசம் ஒங்க முதுகுக்குப் பின்னாடி ஒக்காந்து பாத்தேன் மிஸ். வாங்கில ஒக்காந்து ஒரு தடவகூடப் பாக்கல" என்றார்.

பெருமாயி அம்மாவுக்குப் பெயரை உறுதிப்படுத்தும் சத்தியக்கடதாசி முடித்து, திருத்த விண்ணப்பம் அனுப்பினோம். மகனுக்கு அட்டை வர அடுத்த வருடம் ஆனது. வந்த அன்று அவன் கொழும்பிலிருந்து எனக்குப் போன் பண்ணி, இன்றைக்குக் கடற்கரை பார்க்கப் போகிறேன் என்றான்.

அந்த உடப்புசல்லாவைப் பயணத்துக்கு அடுத்த ஞாயிறு மாஸ்டர் ஒரு காரியம் செய்தார். புதுக் கொப்பி ஒன்றை வாங்கி அவர் கையில் கொடுத்தார்.

"தம்பி, இந்த முறை நீங்கள் சொல்லுங்கோ. எவ்வளவு நாள் வேணுமெண்டாலும் எடுங்கோ. என்ன வாங்குவம்?"

"பெட்டி எதுவும் வேணாங்க. இருக்குறதே கூடுதல். அடிக்கிறது மிஸ் ஒராள், மெசின் மூணு. அந்தக் கடைசி மெசினோட திரை சும்மாத்தானே இருக்கு? அத வாங்குப் பக்கம் வைக்கணும். மிஸ் அடிக்கிறது அதுலயும் தெரியணும். ரெண்டு திரைக்கு வழி விடுற தட்டு ஒண்ணு மட்டும் வாங்கணும்."

"சனத்துக்குப் பாக்கவோ?"

"ஆமாங்க."

"வாசிக்கத் தெரியாத ஆக்களுக்கு?"

"பக்கத்துல யாராச்சும் வாசிச்சுச் சொல்லுவாங்கல்ல. வாங்கில எப்பவும் பத்துப் பேரு இருக்காங்க."

அந்தத் தட்டு ஹட்டனில் கிடைக்கவில்லை. ஒரு நாள் லீவு போட்டுக் கொழும்புக்குப் போய் அலைந்து வாங்கி வந்தார். பெயர் அடிக்கிற இடம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாகத் தெரியும்படி செய்தார். திரையை நிறுத்த ஹாஜியார் கீழிருந்து ஒரு ஸ்டூல் அனுப்பினார்.

அதைத் திறந்துவைத்த ஞாயிறு காலை வாங்கில் வழக்கமான கூட்டம். முதலில் வந்தவர் நல்லதண்ணிப் பக்கத்துக்காரர், மகளுக்குச் சான்றிதழ் எடுக்க வந்தவர். பெயரைக் கேட்டேன், சொன்னார், அடித்தேன். எழுத்து ஒவ்வொன்றாக அவர் முன்னால் விழுந்தது. கழுத்தை நீட்டிப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"மிஸ்... அது சின்ன 'ரு' இல்லீங்க. கறுப்பையா. பெரிய 'று'."

திருத்தினேன். அவர் மறுபடி படித்துப் பார்த்து, தலையாட்டி, பின்னால் இருந்தவர்களுக்கு இடம் விட்டு நகர்ந்தார். அவர்கள் அதற்குள் எழுந்து திரைக்கு முன்னால் வந்துவிட்டிருந்தார்கள். ஒரு பொம்பளை தன் முறை வருமுன்னே தன் பெயரின் எழுத்துக்களை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரையைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்கு ஓரமாக, சுவரில் சாய்ந்து, அவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியானத்துக்குள் ஒன்பது பேர் வந்தார்கள். அவர்களில் ஆறு பேர் என்னைத் திருத்தினார்கள்.